ஈர்க்கு நுழைந்த துவாரம்

பள்ளிக் காலத்தையும் என் துறையையும் இணைத்து எழுதித் தரும்படி எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். என் துறை இதய நோய் மருத்துவம். என்னைப் பற்றி எழுதுவதைவிட, 2024 பெப்ரவரியில் 79ஆவது வயதில் காலமான பிரெஞ்சு வைத்தியர் அலென் கிறிபியேயைப் பற்றி எழுதத்தான் மனம் வருகிறது. நோமண்டியில் றுவான் நகரத்து ஷார்ல் நிக்கோல் வைத்தியசாலையில் வேலைசெய்தவர். நெஞ்சைப் பிளக்காமல் இதய வால்வு மாற்றலாம் என்று 2002இல் செய்துகாட்டியவர். அவருக்கும் எங்கள் பள்ளிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் அவருடைய ஆராய்ச்சியின் முடிச்சு எங்கே கிடந்தது என்பது எங்கள் விலங்கியல் ஆய்வுகூடத்தில் நின்ற எவருக்கும் சட்டென்று விளங்கும்.

உயர்தர வகுப்பில் விலங்கியல் படிப்பித்த சேரை என் காலத்து மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இறைச்சிக் கடையில் முதல் நாளே சொல்லிவைத்து ஆட்டு இதயம் எடுப்பித்து வருவார். பெருநாடியைக் கட்டையாக வெட்டி, இதயத்தை உள்ளங்கையில் நிமிர்த்திப் பிடித்து, மேலேயிருந்து மெல்லத் தண்ணீர் விடுவார். மூன்று அரைமதி மடல்களும் ஊதி விரிந்து ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும். ஒரு சொட்டும் கீழே இறங்காது. பிறகு தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, தென்னோலை ஈர்க்கு ஒன்றை எடுத்து, மடலுக்குச் சற்று மேலே நாடிச் சுவரில் தெரியும் சிறிய துவாரத்துக்குள் நுழைப்பார். ஈர்க்கு வழுக்கிக்கொண்டு இதயத்தின் வெளிப்பக்கம் ஓடும் இரத்தக் குழாய் வழியே போவது தெரியும். அதுதான் முடியுரு நாடி. மற்றப் பக்கத்தில் இன்னொரு துவாரம். இதயம் தனக்கான இரத்தத்தை எடுக்கும் வாசல்கள் இந்த இரண்டும்தான். மடலுக்கும் அந்தத் துவாரத்துக்கும் இடையில் எவ்வளவு கொஞ்ச இடம் என்று விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்வார். வரிசையாக நின்று தொட்டுப் பார்த்தோம்.

கிறிபியே 1945இல் பரிசில் பிறந்தவர். நன்றாகப் பியானோ வாசிப்பார். எழுபதுகளின் நடுப்பகுதியில் லொஸ் ஏஞ்சலிஸில் சீடர்ஸ் சைனாய் வைத்தியசாலையில் ஒரு வருடம் பயிற்சி பெற்று றுவானுக்குத் திரும்பினார். இதய சிகிச்சையே தலைகீழாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1977 செப்டெம்பர் 16ஆம் திகதி சூரிச்சில் அண்டிறியாஸ் குறுன்ற்சிக் என்ற வைத்தியர், தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துச் செய்து பழகிய பலூனை ஒரு 38 வயது நோயாளியின் முடியுரு நாடிக்குள் செலுத்தி அடைப்பை விரித்திருந்தார். நாடியை விரித்த பலூன் வால்வையும் விரிக்காதா என்ற கேள்வி அடுத்து வரத்தான் செய்யும்.

முதியவர்களுக்குப் பெருநாடி வால்வில், அதாவது சேர் தண்ணீர் விட்டுக் காட்டிய அந்த மூன்று மடல்களில், சுண்ணாம்பு படிந்து மடல்கள் கல்லாகிவிடும். மூன்று, நான்கு சதுர சென்ரிமீற்றர் திறக்கவேண்டிய வழி ஒன்றுக்கும் குறைந்துபோகும். படியேறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு நோகும், சிலர் மயங்கி விழுவார்கள். இந்த அறிகுறிகள் தொடங்கிய பிறகு சும்மா விட்டால் இரண்டு வருடம் தாண்டுவதே பெரும்பாடு. அன்றைக்கு இருந்த ஒரே வழி நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றுவது. எழுபது தாண்டியவர்கள் பலரை, "சத்திரசிகிச்சை தாங்கமாட்டார்" என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். கிறிபியேயின் நாற்பது வருட ஆய்வும் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களை வைத்துத்தான் வளர்ந்தது. அவரை நான் பெரிதாக மதிப்பது இதற்காகத்தான்.

1985 செப்டெம்பரில், சத்திரசிகிச்சை மறுக்கப்பட்ட 72 வயது அம்மா ஒருவரின் பெருநாடி வால்வை அவர் பலூனால் விரித்தார். அம்மா எழுந்து நடமாடினார். அடுத்த மாதமே குறுன்ற்சிக் தன் சிறிய விமானம் விழுந்து இறந்துபோனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். றுவானின் முறை உலகமெங்கும் பரவியது. ஆனால் விரித்த வால்வு பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பவும் ஒடுங்கியது. பலர் அதோடு கைவிட்டார்கள். கிறிபியே விடவில்லை. முடியுரு நாடியில் பலூன் போட்ட இடம் திரும்ப ஒடுங்காமல் ஸ்டென்ற் என்ற கம்பி வலைக் குழாய் தாங்கிப் பிடிக்கிறது. அப்படியானால் ஸ்டென்றுக்குள்ளேயே ஒரு வால்வைத் தைத்து வைத்தால் என்ன? இதுதான் அவர் யோசனை.

இதே யோசனை டென்மார்க்கில் ஹென்னிங் றூட் அண்டர்சன் என்ற இளம் வைத்தியருக்கும் வந்திருந்தது. இறைச்சிக் கடையில் வாங்கிய பன்றி இதயத்திலிருந்து வால்வை வெட்டி, தன் கையால் வளைத்த கம்பிக் கூட்டில் தைத்து, 1989 மே மாதம் உயிருள்ள பன்றி ஒன்றுக்குள் பலூன் மூலம் வைத்தார். மனிதரில் இது சரிவராது என்பதே நிபுணர்களின் கருத்து. அதற்குச் சொன்ன பெரிய காரணங்களில் ஒன்று, சேர் ஈர்க்கு நுழைத்துக் காட்டிய அந்த இரண்டு துவாரங்கள். கொஞ்சம் மேலே ஏறினாலும் ஸ்டென்ற் முடியுரு நாடியின் வாயை அடைத்துவிடும், நோயாளி மேசையிலேயே போய்விடுவார் என்றார்கள். நியாயமான பயம்தான்.

பதிலைக் கிறிபியே பிரேத அறையில் தேடினார். சுண்ணாம்பு படிந்த வால்வோடு இறந்தவர்களின் 12 இதயங்களில் 1993, 94 காலத்தில் ஸ்டென்றை விரித்து வைத்து அளந்தார். குறுக்களவு 23 மில்லிமீற்றர், உயரம் 14 முதல் 16 மில்லிமீற்றர். அந்த அளவுக்குள் நின்றால் மேலே முடியுரு நாடிகள் தப்பும், கீழே, இடப்பக்க அறைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள இருகூர் வால்வும் தப்பும். சுண்ணாம்பே ஸ்டென்றை இறுகப் பிடித்துக்கொள்வதால் அது இழுத்தாலும் இலேசில் கழன்று வராது என்பதும் அங்கேதான் தெரிந்தது. எவருக்கும் வேண்டாத இடைஞ்சலான அந்தச் சுண்ணாம்பு இந்தச் சிகிச்சைக்கு நங்கூரமாகிவிட்டது.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் எந்தக் கம்பனியும் பணம் போட முன்வரவில்லை. கடைசியில் 1999இல் அமெரிக்க வைத்தியர் மார்ட்டின் லியோனும் வேறு இருவரும் சேர, சொந்தமாகவே சிறிய நிறுவனமொன்றை ஆரம்பித்தார்கள். இஸ்ரேலியப் பொறியியலாளர்கள் வால்வைச் செய்தார்கள். செம்மறி ஆடுகளில் வைத்துப் பார்த்தார்கள்.

2002 ஏப்ரல் 16. நோயாளிக்கு வயது 57. இரத்த அழுத்தம் விழுந்து, இதயம் அநேகமாக நின்றுபோகும் நிலை. சத்திரசிகிச்சை நிபுணர்கள் கைவிரித்துவிட்டார்கள். கால் நாடிகளும் அடைபட்டிருந்ததால் அவற்றின் வழியாக இதயத்துக்குப் போகவும் முடியாது. கிறிபியே காலின் நாளம் (இதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாய்) வழியாக இதயத்தின் வலப்பக்க மேலறையான சோணையறைக்குப் போய், நடுச்சுவரைத் துளைத்து இடப்பக்கம் தாண்டி, இருகூர் வால்வினூடாகச் சுற்றிவந்து பெருநாடி வாயில் மாட்டு இதயவுறையால் செய்த வால்வை வைத்தார். கதீற்றர் எனும் மெல்லிய குழாயை இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் வேலை தெரிந்தவர்களுக்கு இந்தப் பாதையைக் கேட்டாலே கை வியர்க்கும். சில நிமிடங்களில் நோயாளியின் நிறம் மாறி அழுத்தம் ஏறியது. நான்கு மாதங்களுக்குப் பிறகு அவர் இறந்தது கால் நோயின் சிக்கல்களால். வால்வு அதுவரை ஒழுங்காக வேலை செய்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சத்திரசிகிச்சைக்கு எடுக்க முடியாத 358 பேரிடம் நடந்த "பாட்னர்" என்ற ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 50.7 வீதம், புது வால்வு பெற்றவர்களில் 30.7 வீதம். 2019இல் சத்திரசிகிச்சையில் ஆபத்துக் குறைந்த நோயாளிகளுக்கும் இது ஏற்றதென்று தெரிந்தது. நாங்கள் "டாவி" என்று கூப்பிடும் இந்தச் சிகிச்சைக்கு இங்கே லண்டனில் எங்கள் ஆட்களும் வருகிறார்கள். "தம்பி, நெஞ்சை வெட்டுவீங்களோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "இல்லை அம்மா, தொடைச்சந்தியிலை விறைப்பு ஊசி மட்டும்தான், கதைச்சுக்கொண்டே படுத்திருக்கலாம்" என்றால் நம்பமாட்டார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கு முன்பு நாங்கள் ஸ்கான் படத்தில் கட்டாயம் அளப்பது, மடலின் அடியிலிருந்து முடியுரு நாடியின் வாய் எத்தனை மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்பது. பத்துப் பன்னிரண்டுக்குக் கீழே போனால் எல்லாரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்துவிடுவோம்.

டாவியின் புகழில் கிறிபியேயின் மற்ற வேலைகள் மறைந்துபோயின. முடியுரு நாடியில் பலூனைத் திரும்பத் திரும்ப நெடுநேரம் ஊதும்போது இதயத்தசை அந்த அடைப்பைத் தாங்கப் பழகிக்கொள்வதை அவர் குழு 1992இல் எழுதியது. ஆனால் என் மனதுக்கு மிகக் கிட்டவானது வேறொன்று.

எங்கள் வகுப்பில் ஒரு தோழன் இருந்தான். மாதம் ஒருநாள் பெனிசிலின் ஊசி போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு வருவான். சின்ன வயதில் தொண்டை நோவைத் தொடர்ந்து வந்த வாதக் காய்ச்சலில் அவனுடைய இருகூர் வால்வின் மடல்கள் ஓரத்தில் ஒட்டிப்போயிருந்தன. உயர்தரம் எழுதிய பிறகு மூச்சு முட்டத் தொடங்கி, சளியில் இரத்தம் வந்தது. கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். யுத்தத்தால் பாதை பூட்டிக் கிடந்த காலம். அவனைக் கொண்டுபோக முடியவில்லை.

ஒட்டிய அந்த மடல்களைப் பலூனால் பிரிக்கும் வழியை ஜப்பானியர் கன்ஜி இனூயே 1982இலேயே செய்துகாட்டியிருந்தார். ஆனால் இந்த நோய் பரவிக் கிடந்த ஏழை நாடுகளுக்கு அந்தப் பலூனின் விலை எட்டாது. கிறிபியே 1995இல் அதற்கு மாற்றாக உலோகக் கருவி ஒன்றைச் செய்தார். கதீற்றர் நுனியில் இரண்டு உலோகத் துண்டுகள், வெளியே குறடு போன்ற ஒரு பிடி. பிடியை அமுக்கினால் உள்ளே துண்டுகள் விரிந்து மடல்களைப் பிரிக்கும். கழற்றி, கழுவி, கிருமி நீக்கி அடுத்தவருக்கும் பாவிக்கலாம். றுவானில் அப்படியான நோயாளிகள் அருமை. இந்தக் கருவியை அவர் செய்தது எங்களைப் போன்ற ஊர்களுக்காக. இனூயே பலூனே கடைசியில் நிலைத்துவிட்டாலும், அந்தக் கருவியைப் பற்றிய கட்டுரையைப் படித்த அன்று நான் என் தோழனை நினைத்து வெகுநேரம் இருந்தேன்.

வாதக் காய்ச்சலின் தழும்பை ஒரு ஸ்ரெதஸ்கோப்பும் கொஞ்சப் பொறுமையும் இருந்தால் சில பிள்ளைகளிலாவது முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். சங்கம் பாடசாலைக்குச் செய்யும் உதவிகளோடு, வருடத்தில் ஒருநாள் பிள்ளைகளின் இதயத்தைக் கேட்டுப் பார்க்கும் முகாமையும் சேர்க்கும்படி செயற்குழுவிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வைத்தியர்கள், தாதியர், எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கான்) எடுக்கத் தெரிந்த அண்ணாமார், தம்பிமார் யாராவது இருந்தால் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள். திகதியை எல்லாருமாகப் பேசித் தீர்மானிப்போம்.