சட்டைப்பைக்குள் இருந்த துண்டு

"தம்பி, அவை சொல்லாததை நான் ஏன் கிண்ட வேணும்?"

மாதிரி அமர்வு முடிந்த கையோடு இளைப்பாறிய பாடசாலை அதிபர் ஒருவர் கேட்டது. சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்க உதவும் இலங்கையின் இணக்கசபைகளுக்கு மத்தியஸ்தர்களைப் பழக்குவது என் வேலை. அந்தப் பயிற்சியில் இதற்கு ஆயத்தமான பதில் இருக்கிறது, அதைத்தான் சொன்னேன். பதிலில் பிழையில்லை. அவர் கேட்டதற்கு அது பதிலா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

வழக்கு நம் ஊர் வேலிச் சண்டைதான். கிளுவையும் பூவரசும் நின்ற எல்லையில் ஒருவர் மதில் கட்டுகிறார்; தன் காணிக்குள் ஓரடி வந்துவிட்டார் என்கிறார் மற்றவர். நீளம் 90 அடி. எங்கள் காணிக் கணக்கில் ஒரு பரப்புக்கு 18 குழி, ஒரு குழி ஏறக்குறைய 151 சதுர அடி. ஆக, இவர்கள் அடிபடுவது ஒரு குழிகூட வராத நிலத்துக்கு. வேண்டுமென்றே அப்படி எழுதிய வழக்கு. கட்சிக்காரராக நடிப்பவர்கள் இருவருக்கும் ஆளுக்கொரு மடித்த துண்டு கொடுப்போம். ஒன்றில்: மகளுக்குச் சீதன உறுதி முடிக்க வேண்டும், நில அளவையாளரின் வரைபடத்தில் பரப்புக் குறைந்தால் மாப்பிள்ளை வீட்டில் கதை வரும். மற்றதில்: தாய் படுத்த படுக்கை, மதில் எழும்பினால் ஒழுங்கை முடக்கில் ஓட்டோ திரும்பாது. கேட்கிற விதமாகக் கேட்டால் மட்டும் அதைச் சொல்லலாம். இரண்டும் வெளியே வந்தால் வழி தானாகத் தெரியும்: முடக்கில் நாலடி விட்டு மதிலைச் சரித்துக் கட்டுவது, மீதி எல்லையை மற்றவர் ஒத்துக்கொண்டு வரைபடத்தில் கையொப்பம் வைப்பது.

அதிபர் 11 நிமிடத்தில் முடித்துவிட்டார். ஆளுக்கு ஆறு அங்குலம், மதில் செலவு பாதிப் பாதி. இருவரும் "ஓம் சேர்" என்றார்கள். பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். துண்டுகள் இரண்டும் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தன.

"நீங்கள் தீர்ப்புச் சொல்லிப்போட்டியள், சேர்."

"தீர்ப்பில்லை, வழி சொன்னன். ஏற்கச் சொல்லி ஆரையும் வெருட்டினனே?"

வெருட்டவில்லைதான். ஆனால் நடித்த இருவரில் ஒருவர் அவரிடம் படித்தவர். அந்த "ஓம் சேர்" தீர்வுக்குச் சொன்னதா, பழைய வகுப்பறைக்குச் சொன்னதா? இணக்கசபைகளுக்கான 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்தருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எதையும் கொடுக்கவில்லை. கட்சிக்காரர் ஆளுக்கொருவரைத் தெரிவு செய்வார்கள், அந்த இருவரும் மூன்றாமவரைத் தலைவராக எடுப்பார்கள். இணக்கம் வராவிட்டால், வரவில்லை என்ற சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். அமர்வுகளோ பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலைக் கட்டடத்தில் நடக்கின்றன. இளைப்பாறிய அதிபர் தன் பழைய பாடசாலையிலேயே போய் இருக்க நேர்ந்தால், கதிரையை எப்படி மாற்றிப் போட்டாலும் அது அதிபர் கதிரைதான். மேசையை நடுவில் போடாதீர்கள், கரும்பலகைக்கு முதுகு காட்டி இருக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். ஓரளவுக்குத்தான் உதவும்.

அறுபது வயதில் வருகிறவர்களுக்குப் புதிதாகப் படிப்பிக்க அதிகமில்லை. கஷ்டம் அவர்கள் நன்றாகச் செய்து பழகியதை நிறுத்துவதில்தான். வங்கி முகாமையாளராக இருந்தவர் கைமாற்றுக் கடன் என்றவுடன் வட்டியைக் கூட்டத் தொடங்குவார். கடன்காரர் ஏன் தலை குனிந்திருக்கிறார் என்று பார்க்கமாட்டார். கிராம அலுவலராக இருந்தவருக்கு இரண்டு குடும்பத்தின் கதையும் முன்கூட்டியே தெரியும். அதனால் கேட்கவே மாட்டார். பொலிசில் இருந்தவர் "உண்மையைச் சொல்லும்" என்று ஆரம்பிப்பார். நீதிமன்றத்தில் வேலை செய்தவர்தான் எல்லாரிலும் பார்க்கக் கஷ்டம். ஒரு காணிப் பிணக்கில் அவர், பத்து வருடம் தடையின்றி ஆண்டால் காணி சொந்தமாகும் ஆட்சியுரிமையை விளக்கி, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான யுத்தக் காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுத்ததையும் சொன்னார். ஒரு சொல்லும் பிழையில்லை. கேட்டுக்கொண்டிருந்த கட்சிக்காரர் நிமிர்ந்து இருந்தார்: "அப்ப சட்டம் என்ர பக்கம்." அதற்குப் பிறகு அவர் ஓர் அங்குலமும் இறங்கவில்லை.

இதற்காக இரண்டு பயிற்சிகள் வைத்திருக்கிறோம். முதலாவது, மூன்று நிமிடம் கேள்வியே கேட்காமல் கேட்டிருப்பது, பிறகு கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லி, "சரியோ?" என்று சொன்னவரிடமே ஒப்புதல் வாங்குவது. அநேகர் நாற்பதாவது விநாடியில் வாய் திறந்துவிடுவார்கள். இரண்டாவது, "ஏன்" என்ற சொல்லை அரைநாளுக்கு விலக்கி வைப்பது. தமிழில் "ஏன் கட்டினனீர்?" என்பது கேள்வி அல்ல, ஏச்சு. "கட்டேக்க என்ன யோசிச்சனீங்கள்?" என்றால் ஆள் கதைக்கத் தொடங்குவார். உடன்படிக்கை எழுதுவதற்கும் தனியே நேரம் வேண்டும். "இருவரும் இனி ஒற்றுமையாக இருப்பதாகச் சம்மதிக்கிறார்கள்" என்று படித்தவர்களே எழுதுகிறார்கள். யார், எதை, எந்தத் திகதிக்குள், எவ்வளவு, எங்கே வைத்து. காசு என்றால் எத்தனை தவணை, பற்றுச்சீட்டு யார் கொடுப்பது, ஒரு தவணை தவறினால் என்ன. இவை இல்லாத தாள் மூன்று மாதத்தில் திரும்பி வரும். அதிபரின் தாளில் இவை எல்லாம் இருந்தன. எழுத்தும் முத்து முத்தாக.

நடித்தவர்களிடம் துண்டுகளை வாங்கி அவரிடம் கொடுத்தேன். வாசித்தார். முகம் மாறவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வி. பிறகு இதையும் சொன்னார்: "மகளின்ர சீதனக் கதையை அயலானுக்கு முன்னால சொல்ல வைக்கிறதும் ஒரு தீர்வோ? ஊரில கேளாமல் விடுறதுக்கும் ஒரு மரியாதை இருக்கு."

அதற்குத்தான் தனித்தனிச் சந்திப்பு இருக்கிறது, ஒருவர் தனியாகச் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் மற்றவரிடம் கொண்டு போகக்கூடாது என்று விளக்கினேன். சபையில் சொன்னதை நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுக்க முடியாது என்றும் சொன்னேன். தலையாட்டினார். ஒழுங்கையில் இருப்பவர்கள் நீதிமன்றத்துக்கா பயப்படுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அன்று பின்னேரம் அதே வழக்கை ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவர் எடுத்தார். கையேட்டுக்கு உதாரணம் காட்டலாம், அப்படிக் கேட்டார். குரல் உயரவில்லை, ஒரு "ஏன்" இல்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் படுக்கையில் கிடக்கும் தாயின் கதை வெளியே வந்தது. சொன்னவர் தொடர்ந்து நடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி வெளியே போய்விட்டார். துண்டில் நாங்கள் எழுதியது அவர் வீட்டிலும் நடந்ததாம். தேநீர் நேரத்தை முன்னுக்கு எடுத்தோம். அதிபர் ஒன்றும் பேசவில்லை, என் பக்கம் பார்க்கவுமில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

மருத்துவமாதுவுக்கு முழுப் புள்ளி. அதில் ஐயமில்லை. தாயைப் பற்றித் தெரியாமல் ஓரடியைப் பங்கிட்டால் ஓட்டோ திரும்பாது. ஓட்டோ திரும்பாவிட்டால் வழக்கு மதிலில் இருந்து வைத்தியசாலைப் பாதைக்குப் போகும், அப்போது சமரசம் இன்னும் தூரம். இது கணக்கு. ஆனால் அதிபரின் மதிப்பீட்டுத் தாளில் "மறைந்துள்ள தேவைகளை வெளிக்கொணர்ந்தார்" என்ற வரிக்கு எதிரில் பேனை வைத்தபோது, வெளியே கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றவர் யன்னலால் தெரிந்தார்.

அந்த வரிக்குக் குறைந்த புள்ளி போட்டேன். கீழே பரிந்துரை கேட்கும் கட்டத்தில் "ஆம்" என்று எழுதினேன். இரண்டும் பொருந்தாது என்று சக பயிற்றுநர் சொன்னார். பொருந்தாதுதான். தீர்ப்புச் சொல்லுகிறவரைச் சபைக்கு விட்டால் சபை சின்ன நீதிமன்றமாகிவிடும் என்று முதல் நாள் காலையில் அத்தனை பேருக்கும் சொன்னவனும் நான்தான்.

அடுத்த அணிக்குத் துண்டுகளை மாற்றினோம். சீதனத்தை எடுத்தோம், தாயை எடுத்தோம். இப்போது ஒரு துண்டில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வழிய வேண்டும் என்று இருக்கிறது. மற்றதில் மதிலுக்கு இறக்கிய மணலின் கடன். எல்லாரும் பத்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.