ஆஞ்சியோவில் தெரியாத ரத்தக்கசிவு

மூளையில் ரத்தக்கசிவு என்றால் ஆள் திடீரென்று சாய்ந்து விழுவார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. வலது கை மெல்ல மெல்லப் பிடி தளர்ந்தது. சட்டைப் பொத்தானை மாட்ட நேரமெடுத்தது, கையெழுத்து கோணலானது. காலையில் எழும்போதே தலைவலி. அப்புறம் ஒரு நாள் அந்தக் கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. அது வலிப்பு என்பது மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

சிடி ஸ்கேனில் ஒரு உருண்டை, சுற்றிலும் வீக்கம். "மூளைக்கட்டியாக இருக்கலாம்" என்றார்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

எம்ஆர்ஐயில் மருந்து ஏற்றிப் பார்த்தபோது உருண்டையின் ஓரம் வளையமாக ஒளிர்ந்தது. புற்றுக்கட்டியும் சீழ்க்கட்டியும்கூட இப்படித் தெரியுமாம். ஆனால் படம் பார்த்த ரேடியாலஜி டாக்டர் இன்னொன்றையும் கவனித்தார். பழைய ரத்தத்தைக் காட்டித்தரும் தனி வகைப் படங்களில் அந்த ஓரம் கன்னங்கரேலென்று இருந்தது. ரத்தம் சிதைந்த பின் தங்கும் இரும்புச்சத்து, ஹீமோசிடரின். உள்ளேயும் வெவ்வேறு காலத்து ரத்தம். விட்டுவிட்டுக் கசிந்திருக்கிறது என்று எழுதினார். புற்றுக்கட்டியாக இல்லாமலும் இருக்கலாம் என்று அந்த ஒரு வரிதான் எங்களுக்குத் தெம்பு கொடுத்தது.

அடுத்து ஆஞ்சியோகிராம், மூளை ரத்தக்குழாய்களில் சாயம் ஏற்றி எடுக்கும் படம். எதுவுமே தெரியவில்லை. ரத்தக்குழாயில் கோளாறில்லை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியானோம். நியூரோ சர்ஜன்தான் உட்காரவைத்து விளக்கினார்: சாயம் ஓடும் குழாய்தான் ஆஞ்சியோவில் தெரியும். கேவர்னோமா என்ற குழாய்க்கோளாறில் ரத்தம் மிக மெதுவாக நகரும், அதனால் படத்தில் விழாது. தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட சிறிய முடிச்சாக (தமனி-சிரைப் பின்னல்) இருந்தாலும், உள்ளே ரத்தம் உறைந்து அடைத்திருந்தால் தெரியாது. ஆஞ்சியோ சுத்தம் என்பதால் குழாய்க்கோளாறே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

"ஊசி போட்டு ரத்தத்தை உறிஞ்சிவிட்டால் போதாதா சார்?" என்று கேட்டேன். கசிந்த ரத்தத்தைச் சுற்றி உடம்பே ஒரு உறை கட்டிவிடுகிறது. வெளிப்பக்கம் கெட்டியான நார்த்திசு, உள்பக்கம் புதிதாக முளைத்த, எளிதில் உடையும் நுண்குழாய்கள். அவை மறுபடி மறுபடி கசிவதால்தான் உருண்டை பெருத்துக்கொண்டே போகிறது. உறையோடு எடுத்தால்தான் அது நிற்கும் என்றார். என்னுடையது மேல்பக்கமாக, எட்டக்கூடிய இடத்தில் இருந்தது. ஆழத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு, அதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காத்திருந்தது பயாப்ஸி முடிவுக்குத்தான். மெல்லிய சுவர் கொண்டு உப்பிய குழாய்கள், அவற்றுக்கு நடுவே மூளைத்திசு இல்லை: கேவர்னோமா. புற்றுநோய் இல்லை. அறிக்கையை என் மனைவி சத்தமாக வாசித்தாள், இன்னொரு தடவையும் வாசிக்கச் சொன்னேன்.

இது குடும்பத்தில் வருமா என்று உடனே கேட்டோம். பல இடங்களில் இருந்தாலோ உறவில் யாருக்காவது இருந்தாலோ மரபணுப் பரிசோதனை செய்வார்களாம். எனக்கு ஒன்றே ஒன்று, உறவிலும் யாருக்கும் இல்லை. அதனால் வேண்டாம் என்றார்கள்.

பிசியோதெரபி தொடர்கிறது, விரல்களில் பிடிப்பு பெரும்பாலும் திரும்பிவிட்டது. வலிப்பு மாத்திரையைக் குறைப்பது பற்றி அடுத்த எம்ஆர்ஐக்கு அப்புறம் பேசலாம் என்றிருக்கிறார் டாக்டர். அதுவரை வண்டி ஓட்டுவதில்லை.