கவட்டைக் குச்சியும் பத்து வாளிகளும்

மார்ச் 3

கவட்டைக் குச்சியால் நிலத்தடி நீரோட்டம் பார்க்கும் பெரியவர் ஒருவர், அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்கும் என் சோதனைக்குச் சம்மதித்திருக்கிறார். தண்ணீர் இருக்கும் இடத்துக்கு வந்ததும் குச்சி தானாகவே கீழே இழுக்கும் என்கிறார். இன்று நடந்தும் காட்டினார். குச்சி சட்டென்று தாழ்ந்தது. அவர் முகத்தில் நடிப்பு துளியும் இல்லை.

"ஏமாற்றுக்காரர்களிடம் எதற்கு நேரத்தைச் செலவிடுகிறாய்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை. ஏமாற்றுகிறவர்கள் உண்டு. பீட்டர் பொப்பாஃப் என்ற பிரசங்கிக்குக் கூட்டத்தில் இருப்பவர்களின் நோயைக் கடவுள் சொல்வதாக நம்பினார்கள். அவர் காதில் மறைத்து வைத்த கருவிக்கு, அவர் மனைவி 39.17 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் பேசுவதுதான் அது என்று 1986-இல், இப்படிப்பட்ட ஏமாற்றுகளை அம்பலப்படுத்திவந்த மந்திரவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டியின் குழு பதிவு செய்து காட்டியது. ஆனால் நீரோட்டம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தாங்கள் சொல்வதை மனதார நம்புகிறவர்கள். வேவு பார்ப்பது இவர்களுக்குப் பொருந்தாது; நேரில் உட்கார்ந்து பேச வேண்டும்.

மார்ச் 5

குச்சி ஏன் தாழ்கிறது? எதிர்பார்ப்பே தசையை அசைக்கும், அசைத்தவருக்கே அது தெரியாது. 1852-இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் வில்லியம் கார்ப்பென்டர் இதற்கு இடியோமோட்டார் என்று பெயரிட்டார். மறு ஆண்டு இயற்பியல் அறிஞர் மைக்கேல் ஃபாரடே அதை அளந்தே காட்டினார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கைவைத்தால் ஆவி அதை நகர்த்துகிறது என்று பலர் நம்பிய காலம் அது. மேஜைமேல் அட்டைகளை அடுக்கி, இடையிடையே மென்மையான பசை வைத்து, மேலட்டையில் கைகளை வைக்கச் சொன்னார். மேஜை முந்தி நகர்ந்திருந்தால் அடியட்டைதான் அதிகம் விலகியிருக்க வேண்டும். விலகியதோ மேலட்டை. பிறகு, கை பக்கவாட்டில் தள்ளினால் உடனே காட்டிக்கொடுக்கும் ஒரு முள்ளைப் பொருத்தி, உட்கார்ந்தவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார். மேஜை நகர்வதே நின்றுபோனது!

எனக்கு இந்தச் சோதனைமேல் தனிப் பிரியம். யாரையும் பொய்யர் என்று சொல்லாமலே உண்மையை வெளியே கொண்டுவந்துவிட்டது. கவட்டைக் குச்சியையும் விறைப்பாக வளைத்துத்தான் பிடிக்கிறார்கள். மணிக்கட்டு இம்மியளவு திரும்பினாலும் போதும், நுனி பாய்ந்து தாழும்.

மார்ச் 9

பெரியவரோடு உட்கார்ந்து விதிகளை எழுதினோம். என் கணக்கில் முழுச் சோதனையிலும் முக்கியமான நாள் இதுதான். மூடிய பத்து வாளிகள், ஒன்றில் மட்டும் தண்ணீர், மற்றவற்றில் மணல். பத்துச் சுற்றுகள், ஒவ்வொரு சுற்றுக்கும் சீட்டுக் குலுக்கி இடத்தை மாற்ற வேண்டும். வெறும் ஊகத்தில் சராசரியாக ஒன்று சரியாக வரும். "ஒன்பதையாவது சரியா சொல்லிடுவேன் தம்பி" என்றார். ஐந்து வந்தாலே வெற்றி என்று எழுதினேன். ஐந்தோ அதற்கு மேலோ தற்செயலாக வர ஏறத்தாழ 600-இல் ஒரு வாய்ப்புதான்.

வாளி, மூடி, இடம், நேரம் எல்லாம் அவருக்குச் சரிதானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கையெழுத்து வாங்கினேன். நானும் போட்டேன். முடிவு தெரிந்த பிறகு விதியை மாற்ற அவருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

மார்ச் 10

தண்ணீரை வைப்பவர் உடனே வெளியேறிவிடுவார். பெரியவரோடு நிற்பவருக்கு இடம் தெரியாது. இதைச் சிலர் வீண் கெடுபிடி என்கிறார்கள். கணக்குப் போடும் குதிரை என்று பெர்லினில் பேர் வாங்கிய ஹான்ஸை 1907-இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்தார். குளம்பால் தட்டித்தான் அது விடை சொல்லும். கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. தட்டல் சரியான எண்ணுக்கு வந்ததும் கேட்பவரின் தலை நூலளவு அசைந்ததைப் பார்த்துத்தான் அது குளம்பு தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. குதிரைக்கே அது தெரிந்தால் மனிதருக்குத் தெரியாதா?

மார்ச் 16

சோதனை முடிந்தது. முதலில் மூடியைத் திறந்து வைத்து நடக்கச் சொன்னோம். தண்ணீர் வாளியின் மேல் குச்சி ஒவ்வொரு தடவையும் தாழ்ந்தது. "இன்னைக்கு உடம்பும் குச்சியும் சரியா இருக்கு" என்று அவரே சொன்னார், பதிவாகியிருக்கிறது. பிறகு மூடிகள் போட்டோம். குச்சி அதே வேகத்தில்தான் தாழ்ந்தது, கண்ட இடங்களில்.

பத்தில் இரண்டு சரி. "ஒன்றுதானே வர வேண்டும், இரண்டு வந்திருக்கிறதே!" என்றார் உதவிக்கு வந்த ஒருவர். வெறும் ஊகத்திலேயே இரண்டோ அதற்கு மேலோ வருவது ஏறக்குறைய நான்கு தடவைக்கு ஒரு தடவை நடக்கும். எல்லையை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் சரியாக வந்த இந்த இரண்டும் நாளைக்கு ஓர் அதிசயக் கதையாகியிருக்கும்.

மார்ச் 18

பெரியவரிடமிருந்து அழைப்பு வந்தது. கோபம் இல்லை, குழப்பம்தான். "அப்போ நான் காட்டின கிணத்துல எல்லாம் தண்ணி வந்துச்சே?" நியாயமான கேள்வி. நிலத்தடி நீர் பெரும்பாலும் ஆறு போல ஓடுவதில்லை. மண்ணின் இடுக்கிலும் பாறையின் வெடிப்பிலும் பரந்து தேங்கி நிற்கிறது. பல நிலங்களில் போதிய ஆழம் தோண்டினால் எங்கும் கிடைக்கும். பக்கத்திலேயே, குச்சி தாழாத இடத்தில் ஒரு குழி தோண்டிப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். அதை யாரும் தோண்டுவதில்லை. பொறுமையாகக் கேட்டார்.

பிறகு, வாளியில் இருப்பது தேங்கிய தண்ணீர், ஓடும் தண்ணீர் என்றால் தெரியும் என்றார். ஒப்பந்தத்தில் இல்லாத காரணம் என்பதால் 16-ஆம் தேதி முடிவு அப்படியே நிற்கும். ஆனால் புதிய சோதனை கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. 1990-இல் ஜெர்மனியின் காஸெல் நகரில் 50 செ.மீ. ஆழத்தில் குழாய் புதைத்து, தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். அங்கும் தற்செயலைத் தாண்டவில்லை. இதையும் அவரிடம் மறைக்கவில்லை. அதே மாதிரி வேண்டும் என்கிறார். குழாய், வால்வு, நாணயம் சுண்டித் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்யும் ஆள், இவற்றோடு புதிய விதிகளை எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் வரியை அவரே சொன்னார்: "குழாய் எங்கே போகுதுன்னு கோடு போட்டுக் காட்டணும்."