தனோட் மாதாவும் ஒரு கைக்குட்டையும்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேரிலிருந்து தனோட் மாதா கோயில் சுமார் 120 கிலோமீட்டர். வழியில் ராம்கட் என்ற ஊரைத் தாண்டிவிட்டால் மணல், முட்புதர், எப்போதாவது ஓர் ஒட்டகம். பாகிஸ்தான் எல்லை பக்கத்தில்தான்.

கோயிலைப் பராமரிப்பது எல்லைப் பாதுகாப்புப் படை. ஆரத்தி எடுப்பதும் ஜவான்கள்தான். ஆரத்தித் தட்டை நீட்டியவருக்குக் காலில் பூட்ஸ் தடம் அப்படியே பதிந்திருந்தது. 1965 போரில் சுற்றிலும் விழுந்த பீரங்கிக் குண்டுகள் வெடிக்கவே இல்லை என்கிறார்கள். அவற்றில் சிலவற்றை உள்ளேயே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அம்மன் சக்தியோ, மணலின் மென்மையோ, அவரவர் நம்பிக்கை. எதிரே நின்றபோது எனக்கென்னவோ கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

இங்கே வேண்டுதல் என்றால் கைக்குட்டை கட்டுவது. நம்மூரில் மரத்தில் தொட்டில் கட்டுவோமே, அது மாதிரி. வரிசை வரிசையாக, கலர் கலராக, ஆயிரக்கணக்கில்! வியர்வை துடைத்த என் கர்ச்சீப்பை எடுத்து நீட்டினேன். வீட்டுக்காரம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடையில் புதிதாக வாங்கிக் கட்டினார்.

நிறைவேறினால் திரும்ப வந்து அவிழ்க்க வேண்டுமாம். “சென்னையிலிருந்து மறுபடியும் இவ்வளவு தூரமா?” என்றேன். அப்புறம் ராம்கட் வரும்வரை பேச்சுவார்த்தை இல்லை.