சாமந்தி

போன வாரம் நானும், பட்டாளத்தில் என்னோடு இருந்த ஊர்க்காரன் ஒருவனும் காட்பாடி ஸ்டேஷனில் நீலகிரி எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்தோம். அவன் பையன் அக்னிவீரில் தேர்வாகி வெலிங்டன் ராணுவப் பயிற்சி சென்டருக்குப் போகிறான். "சென்ட்ரி டூட்டின்னா உங்க பெரியப்பா மாதிரி நிக்கணும்டா" என்று என்னைக் காட்டிச் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் கணியம்பாடி பக்கம் அந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. நானும் சிரித்தேன்.

லடாக்கில் லே, 1996 ஜனவரி. ராத்திரி சென்ட்ரி காவலில் நான். 11,500 அடி உயரம், மூச்சுவிட்டால் மீசையில் பனி ஒட்டும். இருட்டில் யாரோ வரும் சத்தம். "தம்! கோன் ஆதா ஹை?" என்றேன், நில், யார் வருவது என்று. "தோஸ்த்" என்று பதில் வந்தது. அன்றைய பாஸ்வேர்ட் கேந்தா. கேட்டதற்கு, "சாமந்தி" என்றான். கையைத் தூக்கச் சொன்னேன். ஒரு கையில் லங்கரிலிருந்து, அதாவது யூனிட் சமையல்கூடத்திலிருந்து, எனக்காகக் கொண்டுவந்த டீ மக். அத்தனையும் கோட்டுக் கைக்குள் இறங்கியது. கார்டு கமாண்டர் வரும்வரை இருபது நிமிஷம் அப்படியே நின்றான். அப்புறம் யூனிட்டில் அவன் பேரே சாமந்திதான்.

ஊரில் சொல்லும் கதை இவ்வளவுதான். அன்று சாயங்காலம் ரோல் கால் முடிந்ததும், இந்தி சரியாக வராத அவன், "கேந்தான்னா இன்னாண்ணா?" என்று கேட்டான். "நம்ம துலுக்கச் சாமந்திடா" என்று சொல்லிக்கொடுத்தது நான். அந்த இருட்டில் சாமந்தி என்று சொல்லக்கூடியவன் அவன் ஒருத்தன்தான்.

ஈரக் கையை உதறிக்கொண்டே கேட்டான்: "என் குரல் தெரியலையாண்ணா?"

"தெரியலடா" என்றேன்.

நிறுத்தியது தப்பில்லை. குரலை நம்பி விடுவதென்றால் பாஸ்வேர்ட் எதற்கு? ஆனால் மக்கைக் கீழே வைக்கவாவது சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் முன்னால்தான் ஒரு ஹவில்தார், "வேலூர்க்காரனுங்க ஒருத்தனை ஒருத்தன் விட்டுக்கொடுக்க மாட்டீங்களே" என்றிருந்தார். அது மனசில் இருந்ததா? இருந்தது. ஆனால் அவர் அப்படிச் சொல்லாமல் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். இருபது நிமிஷம் கை தூக்க வைத்திருப்பேனா என்றால், அங்கேதான் எனக்குப் பதில் வரவில்லை.

சரி, அதுகூடப் போகட்டும். "தெரிஞ்சுதுடா, ஆனா விட முடியாது" என்று சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பான். அவனும் சிப்பாய்தானே. ஏன் பொய் சொன்னேன்? அதை நம்பித்தானே இத்தனை வருஷமாக என்னை உயர்த்திப் பேசுகிறான்.

வண்டி நகர்ந்து, பையன் கையாட்டி மறைந்தான். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வெளியே வந்தேன். அதற்குள் அவன் கடைக்குப் போய் டீ வாங்கி வந்து, "சூடா இருக்குண்ணா, பார்த்து" என்று கிளாஸை என் கையில் கொடுத்தான்.