சம்பந்தப்பட்ட துறைகள்

கமிட்டி மீட்டிங்ல மினிட்ஸ் எழுதுறவனுக்கு ஓட்டு கிடையாது, வாயைத் திறக்கற உரிமையும் கிடையாது, மேஜை ஓரத்துல ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, மை தீர்ந்தா மாத்திக்க இன்னொரு பேனா, அவ்வளவுதான். ஆனா ஆறு துறை ஆளுங்க ரெண்டு மணி நேரம் மாத்தி மாத்திப் பேசிட்டு டீ குடிச்சிட்டுக் கிளம்பிப் போனப்புறம், அங்க என்ன நடந்துச்சுன்னு ஃபைல்ல இருக்கப்போறது அந்த மூலை நாற்காலிக்காரன் எழுதுறது மட்டும்தான். பொது சுகாதார ஆலோசனைக் குழு ஒண்ணுக்கு, மெம்பர் செக்ரட்டரிக்குக் கீழ இருந்து பல வருஷம் இந்த வேலையைப் பார்த்தேன். எழுதினதுல கொஞ்சம் நல்லதும் நடந்துச்சு, ஒரு தடவை பெரிய தப்பும் பண்ணினேன், அதைத்தான் முக்கியமா சொல்லணும்.

ஆரம்பத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச வாக்கியம் ஒண்ணு இருந்துச்சு. "சம்பந்தப்பட்ட துறைகள் உரிய நடவடிக்கை மேற்கொள்ள வேண்டும்." அழகான வாக்கியம், யாருக்கும் கோவம் வராது, எந்தத் துறைத்தலைவரும் திருத்தம் கேட்டு லெட்டர் போட மாட்டார், சேர்மன் ஒரே நிமிஷத்துல கையெழுத்து போட்டுருவார். முதல் வருஷம் மினிட்ஸ் பூரா இதுதான். மூணு மாசம் கழிச்சு எடுத்த நடவடிக்கை அறிக்கை கேட்டா குடிநீர்த் துறைல இருந்து "இப்பொருள் உள்ளாட்சி தொடர்புடையது"ன்னு வரும், உள்ளாட்சில இருந்து "சுகாதாரத் துறையின் பதில் பெற்று அனுப்பப்படும்"னு வரும், சுகாதாரத் துறைல இருந்து எதுவுமே வராது, ஏன்னா கமிட்டியை நடத்துறதே அவங்கதான், தனக்குத்தானே யாராவது ரிமைண்டர் அனுப்பிக்குவாங்களா.

இதுல யாரையும் சோம்பேறின்னு சொல்லிட முடியாது. ஆலோசனைக் குழுன்னா பேர்லயே இருக்கு, ஆலோசனைதான், உத்தரவு இல்லை. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி சட்டம், தனி பட்ஜெட், தனி மேலதிகாரி. குழு சொன்னதுன்னு ஒரு இன்ஜினியர் வால்வை மாத்திட்டு ஆடிட்ல போய் மாட்ட முடியாது, அவர் துறை பேப்பர்ல அவருக்கு ஒரு ஆர்டர் வேணும். பிரிட்டன்ல தடுப்பூசிக்கான கூட்டுக் குழு 1963ல இருந்து இருக்கு, 2009ல போட்ட விதிகள்படி இங்கிலாந்துல அது சில நிபந்தனைகளோட பண்ற பரிந்துரையை சுகாதார அமைச்சர் நடைமுறைப்படுத்தியே ஆகணும். அந்த மாதிரி பல்லு முளைச்ச கமிட்டி உலகத்துல ரொம்பக் கம்மி. மத்த இடத்துல எல்லாம் கமிட்டி சொல்றதை எந்தத் துறையோட எந்த விதிக்குள்ள நுழைக்கலாம்னு தேடுறதுதான் நிஜமான வேலை, அதை மீட்டிங்ல யாரும் பண்றதில்லை, மீட்டிங் முடிஞ்சப்புறம் போன்ல பண்றாங்க.

சரி, என் தப்புக்கு வர்றேன்.

ஒரு தடவை ஒரு பகுதில மஞ்சள் காமாலை கேஸ் திடீர்னு ஏறுச்சு. சுகாதாரத் துறை எபிடமியாலஜிஸ்ட், அதாவது நோய் எப்படிப் பரவுதுன்னு ஆராயற மேடம், நோயாளிங்க லிஸ்ட்டோட வந்தாங்க, பேரு வயசு வீடு எந்தத் தேதில அறிகுறி ஆரம்பிச்சுதுன்னு எல்லாம் வரிசையா. குடிநீர்த் துறைல இருந்து வந்தவர் அதே வாரத்து டெஸ்ட் ரிசல்ட்டை எடுத்து மேஜைல வச்சார், குழாய்ல மீதி குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல, கிருமியும் இல்லை, எல்லாம் சுத்தம். "இதோ பாருங்க மேடம், உங்க கேஸ் வந்த அதே வாரம்"ன்னார். மேடம் பொறுமையா சொன்னாங்க, சார், இந்தக் காமாலையைக் கொண்டு வர்ற ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உடம்புக்குள்ள போய் வெளிய தெரிய 15 நாள்ல இருந்து 50 நாள் வரைக்கும் ஆகும், சராசரியா 28 நாள், எனக்கு வேண்டியது இந்த வார ரிசல்ட் இல்லை, ஒரு மாசத்துக்கு முந்தின ரிசல்ட். அந்த வார ரிசல்ட் அவர் கையில இல்லை. இருந்தாலும் அது குழாய் மண்டலம் வாரியா இருக்கும், மேடம் லிஸ்ட் வீட்டு விலாசப்படி, உள்ளாட்சிக்காரர் மேப் வார்டு வாரியா, மூணும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காராது. ஒரே ஊரை மூணு துறையும் மூணு விதமா வெட்டி வச்சிருக்காங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. பேசிப் பேசி கடைசில மேடம் "இப்ப கையில இருக்கற ரிசல்ட்டை மட்டும் வச்சுக்கிட்டு தண்ணிதான்னு சொல்ல முடியாது, கூடுதல் சாம்பிள் எடுக்கணும்"னாங்க.

நான் என்ன எழுதினேன்? "நோய் குடிநீர் மூலம் பரவியதற்கு ஆதாரம் இல்லை. சம்பந்தப்பட்ட துறைகள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்."

சுருக்கமா எழுதணும்னு ஒரு நினைப்பு, அப்பல்லாம் சுருக்கமா எழுதுறவன்தான் கெட்டிக்காரன்னு நம்பிட்டு இருந்தேன். அடுத்த வாரமே குடிநீர்த் துறை எங்க மினிட்ஸோட பத்தி எண்ணைக் குறிப்பிட்டு, ஆதாரம் இல்லைன்னு குழுவே முடிவு பண்ணிட்டதால கூடுதல் சாம்பிள் நிறுத்தப்படுதுன்னு உள் சுற்றறிக்கை போட்டுட்டாங்க. அவங்க மேல தப்பே இல்லை, இருக்கற ஆளுங்களை வச்சுக்கிட்டு தினம் அத்தனை சாம்பிள் எடுக்கறது அவங்களுக்குப் பெரிய பாரம், நிறுத்த ஒரு காகிதம் கிடைச்சுது, நிறுத்திட்டாங்க. காகிதத்தைக் கொடுத்தது நான். "ஆதாரம் இல்லை"க்கும் "ஆதாரம் இன்னும் கிடைக்கலை"க்கும் நடுவுல ரெண்டே வார்த்தைதான் வித்தியாசம். அடுத்த மீட்டிங்ல மேடம் அந்தப் பக்கத்தைத் திருப்பி என் பக்கமா நகர்த்தி "தம்பி, இது நான் சொன்னதா?"ன்னு கேட்டாங்க. சத்தமா கூட கேட்கலை.

அதுக்கப்புறம் இந்த மாதிரி கதைகளைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், ஆறுதலுக்குன்னு வச்சுக்கங்களேன். பிரிட்டன்ல மாடுகளுக்கு வந்த பைத்திய மாட்டு நோய் கதை படிச்சப்போ தூக்கம் போச்சு. நோய் என்னன்னு கால்நடைத் தரப்பு கண்டுபிடிச்சது 1986 நவம்பர்ல. மனுஷங்களுக்கு ஆபத்தான்னு சுகாதாரத் துறைகிட்ட கேட்டது 1988 மார்ச்ல, ஒரு வருஷத்துக்கும் மேல ஒரே அரசாங்கத்துக்குள்ள அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். அப்புறம் சவுத்வுட்ங்கற விலங்கியல் அறிஞர் தலைமைல ஒரு சின்னக் குழு போட்டாங்க, 1989ல அறிக்கை வந்துச்சு. மனுஷங்களுக்கு வர்ற வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னு சொன்னாங்க, கூடவே, எங்க கணிப்பு தப்பாப் போனா விளைவு ரொம்ப மோசமா இருக்கும்னும் எழுதியிருந்தாங்க. முதல் பாதியை வருஷக்கணக்கா எல்லாரும் மேற்கோள் காட்டினாங்க, ரெண்டாவது பாதி காணாமப் போச்சு. 1996 மார்ச் 20ஆம் தேதி மனுஷங்களுக்கும் வந்திருக்கறதா பார்லிமென்ட்ல அறிவிச்சாங்க, அங்க அந்த நோய்ல செத்தவங்க 170 பேருக்கு மேல. 2000ல வெளிவந்த பிலிப்ஸ் விசாரணை அறிக்கை இதை எல்லாம் பதினாறு தொகுதில விலாவாரியா அலசியிருக்கு. மினிட்ஸ் எழுதுற எவனும் அதுல ஒரு தொகுதியாவது படிக்கணும்.

எங்க விஷயத்துக்கு வருவோம். மினிட்ஸைத் திருத்தணும்னா அதுக்கு ஒரே ஒரு இடம்தான், அடுத்த கூட்டத்தோட முதல் அஜெண்டா, "முந்தைய கூட்ட நடவடிக்கைக் குறிப்பினை உறுதி செய்தல்". எல்லாரும் பிஸ்கட்டைப் பிரிச்சிக்கிட்டு இருக்கற நேரத்துல பத்து செகண்ட்ல முடிஞ்சு போற ஐட்டம் அது. அன்னிக்கு நாற்பது நிமிஷம் ஓடுச்சு. திருத்தினாங்க, சாம்பிள் மறுபடி ஆரம்பிச்சுது, ஆனா விடை சாம்பிள்ல இருந்து வரலை. உள்ளாட்சில இருந்து வந்திருந்த ஒரு ஜூனியர், அவர் மேலதிகாரி வர முடியாததால அனுப்பப்பட்டவர், "அந்த மாசம் அங்க அடிக்கடி கரண்ட் கட் ஆச்சு மேடம்"ன்னு சும்மா சொன்னார். பம்ப் நின்னா குழாய்ல அழுத்தம் இறங்கும், அழுத்தம் இறங்கினா ஜாயின்ட்ல எங்க ஓட்டை இருக்கோ அங்க வெளில தேங்கி நிக்கற கழிவுநீர் உள்ள இழுக்கப்படும், பம்ப் திரும்ப ஓடும்போது அது வீடுகளுக்குப் போகும், அப்புறம் டெஸ்ட் பண்ணா சுத்தமாத்தான் காட்டும். மின்சாரத் துறையோட ஷட்டவுன் ரெஜிஸ்டரை வாங்கி, மேடம் லிஸ்ட்டுல ஒவ்வொரு நோயாளியோட தேதில இருந்தும் நாலு வாரம் பின்னால போய்ப் பார்த்தா, பெரும்பாலானது கரண்ட் கட் ஆன ரெண்டு மூணு நாளைச் சுத்தியே வந்து குவிஞ்சுது. அந்த இடத்தைத் தோண்டினாங்க, கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டுக் கிடந்துச்சு.

இதுல எனக்கு இன்னிக்கும் சிரிப்பு வர்ற விஷயம், மின்சாரத் துறை அந்தக் கமிட்டிலயே இல்லை. அரசாணைல ஆறு துறை போட்டிருந்தாங்க, ஏழாவது துறையோட ரெஜிஸ்டர்ல விடை இருந்துச்சு. சுகாதாரத்துக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கமிட்டி அமைச்சவங்க நினைச்சிருப்பாங்க, நியாயம்தானே. அப்புறம் அவங்களை சிறப்பு அழைப்பாளர்னு கூப்பிட்டோம், அதுக்கு ஒரு தனி ஃபைல், அது நகர ஒரு தனி காலம், அதை விடுங்க.

அந்த சம்பவத்துக்கு அப்புறம் எழுதுற முறையை மாத்திக்கிட்டேன். வினைச்சொல்லுல இருந்து ஆரம்பிச்சேன். "அறிவுறுத்தப்பட்டது"ன்னு எழுதினா சம அந்தஸ்துல இருக்கற இன்னொரு துறை கோவிச்சுக்கும், நீ யாரு எனக்கு அறிவுறுத்தன்னு லெட்டர் வரும், வந்திருக்கு. "கேட்டுக்கொள்ளப்பட்டது"ன்னு எழுதினா கோவிக்க மாட்டாங்க, செய்யவும் மாட்டாங்க. வேலைக்கு ஆகறது "ஒப்புக்கொண்டார்" மட்டும்தான், ஆனா அதை எழுதணும்னா அவர் வாயால சொல்லியிருக்கணும். அதனால டீ வர்ற நேரத்துல நான் நைசா சேர்மன் பக்கத்துல போய் ஒரு சீட்டு வைப்பேன், "சார், இதை யாரு எப்போ பண்றாங்கன்னு கேளுங்க". அவர் கேட்பார். சில நேரம் அஞ்சு செகண்ட் மயான அமைதி. அப்புறம் யாராவது "சரி சார், பதினஞ்சு தேதிக்குள்ள நாங்க பார்த்துக்கறோம்"பாங்க. அதை அப்படியே பதவிப் பேரோட, தேதியோட எழுதிருவேன். அன்னிக்கே டிராஃப்ட்டை வாட்ஸ்அப்ல அவருக்கு அனுப்பி, இதைத்தானே சொன்னீங்கன்னு கேட்டு வாங்கிக்குவேன். தேதியை எடுத்துருங்கன்னு கெஞ்சினவங்க உண்டு, ஒருத்தர் மட்டும் இன்னும் முன்னால போடுங்க, அப்பத்தான் எங்க ஆபீஸ்ல ஃபண்டு கேட்க முடியும்னார். அதை நான் எதிர்பார்க்கலை. மினிட்ஸ்ல பேர் வர்றது அவங்களுக்கு சுமை மட்டும்தான்னு நினைச்சிருந்தேன், சிலருக்கு அது தங்க மேலதிகாரிகிட்ட காட்ட ஒரு ஆயுதம்.

எல்லாம் மாறிடுச்சுன்னு நினைச்சுராதீங்க. ஒவ்வொரு மீட்டிங்குக்கும் ஒவ்வொரு ஆளை அனுப்புற துறை கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்துச்சு, வர்றவர் "நான் கேட்டுட்டு சொல்றேன்"னு நோட் பண்ணிப்பார், அடுத்த தடவை வேற ஒருத்தர் வந்து அதையே நோட் பண்ணிப்பார். ஆனா "சம்பந்தப்பட்ட துறைகள்"ங்கற சொல்லை மட்டும் நான் இருந்த வரைக்கும் உள்ள விடலை.

மாறுதல்ல கிளம்பும்போது சார்ஜ் வாங்கிக்கிட்ட பையன் நல்ல சூட்டிகை. மஞ்சள் காமாலை ஃபைலைக் காட்டி முழுக் கதையும் சொன்னேன், அந்தச் சொல்லை எழுதவே கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னேன், நோட்ல குறிச்சுக்கிட்டான். மறு மாசம் அவனோட முதல் மினிட்ஸை அனுப்பி வச்சான், பார்த்துச் சொல்லுங்க சார்னு. திறந்து பார்த்தா மூணாவது பத்தில "தொடர்புடைய துறைகள் ஆவன செய்ய வேண்டும்"னு இருந்துச்சு. போன் பண்ணி என்னப்பா இதுன்னு கேட்டா, "சார், சம்பந்தப்பட்டன்னு எழுதலையே சார்"ங்கறான்.