மாடு முகர்ந்துவிட்டுப் போன வைக்கல்

சிறுபோக நெல் வெட்டிய கையோடு, திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் எங்கள் 5 ஏக்கர் வயலின் வைக்கலை எரிபொருளாக விற்றுப் பார்த்தேன். கொதிகலன்களுக்கு விறகு ஏற்றும் ஒரு முதலாளி, "கிளிரிசிடியாக் கொப்பு கிடைக்குதில்ல தம்பி, வைக்கலைக் கட்டித் தாங்க, எரிச்சுப் பாப்பம்" என்று கேட்டதில் தொடங்கிய வேலை. சீனன்குடாப் பக்கம் சிமெந்துத் தொழிற்சாலையில் உமியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்பதால் இது எங்களுக்குப் பெரிய புதினமாகத் தெரியவில்லை. ஆனால் உமி ஆலையிலேயே குவிந்து கிடக்கும். வைக்கல் வயல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். செலவெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று பிறகுதான் விளங்கியது.

கையால் வெட்டிச் சூடு அடித்து நெல்லைப் பிரித்த காலத்தில் வைக்கல் களத்தில் ஒரே கும்பியாக நிற்கும். வெட்டு மெசின் முழங்கால் உயரத்துக்கு நெற்தாளை விட்டுவிட்டு, மீதியை வரிசையாகத் துப்பிக்கொண்டு போகிறது. திரும்பும் இடமெல்லாம் அதன் சங்கிலி வைக்கலைச் சேற்றுக்குள் மிதித்துவிடும். மிதிபட்டதை வாரினால் மண்ணும் சேர்ந்து வரும் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன். மற்றதில் ஏக்கருக்கு 30 உருளைக் கட்டுத் தேறியது. ஒரு கட்டு 15 கிலோ அளவில் இருக்கும்.

கட்டும் மெசினை டிரக்டரில் இழுத்துவந்தவர் கிண்ணியாக் காக்கா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்). காலை ஆறு மணிக்கே வந்தார். "பனி காயட்டும் தம்பி, பத்து மணிக்குத் தொடங்குவம்" என்றார். பட்டிக்கார அண்ணன் மாடுகளோடு வரம்பில் வந்து நின்றார். வெட்டு முடிந்தால் வயல் மாட்டுக்கு என்பது ஊர் வழக்கம். எனக்கோ அவசரம். இப்பவே கட்டுங்க காக்கா என்றேன். மேட்டுக்காணியில் 2 ஏக்கர், 60 கட்டு. அதைத் தரையில் அடுக்கிப் படங்கால் (தார்ப்பாயால்) இறுக்கி மூடினேன். ஈரத்தோடு கட்டுவது, காற்றுப் போகாமல் மூடுவது என்று செய்யக்கூடாத இரண்டையும் ஒரே காலையில் செய்து முடித்தேன்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் காக்கா திரும்பி வந்தார். ஒரு பிடி வைக்கலை எடுத்துக் கயிறு திரிப்பதுபோல முறுக்கினார். சடசடவென்று முறிந்தது. முறியாமல் வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரமாம். மேட்டில் மீதி இருந்த 30 கட்டையும் கட்டி, இந்தமுறை கீழே மரக்குற்றி போட்டு அடுக்கினோம். பள்ளக்காணி 2 ஏக்கர் காயாததால் விட்டோம். அன்றிரவே இடிமழை.

விடிந்ததும் படங்குக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். தண்ணீர் இல்லை, ஆனால் புகையிலை மணம். பழைய அடுக்குக்குள் கையை விட்டால் கஞ்சிப் பானைச் சூடு. ஈரம் 20 வீதத்தைத் தாண்டினால் உள்ளே பூஞ்சணமும் நுண்ணுயிரும் பெருகிச் சூடேறும், விட்டுவைத்தால் தானே பற்றியும் எரியும். அதுவும் வறண்டு வீசும் கச்சான் காற்று நாளில்! அடுக்கைக் கலைத்தபோது வெள்ளைத் தூசி கிளம்பி, கூலிக்கு வந்த பொடியன்கள் இரண்டு நாள் இருமினார்கள். மூக்கைத் துணியால் கட்டச் சொல்லியிருக்க வேண்டியது என் வேலை. கறுத்துப்போன 24 கட்டு தென்னம்பாத்திக்குப் போயிற்று.

நல்லாகக் காய்ந்த வைக்கல் 3 கிலோவில் ஏறக்குறைய 1 லீட்டர் டீசலின் சூடு இருக்கிறது. 2022இல் டீசல் வரிசையில் நின்றவனுக்கு இந்தக் கணக்கு இனிக்கத்தான் செய்யும். ஆனால் டீசலை ஒரு கலனில் கொண்டு போகலாம், வைக்கலுக்கு லொறி வேண்டும். 66 கட்டு ஏற்றவே பெட்டி நிரம்பி மேலே கோபுரமாயிற்று. எடை பார்த்தால் ஒரு தொன். கட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லொறி மூன்றிலும் லொறிதான் பாதியைத் தின்றது.

முதல் லொறி போன இரண்டாம் நாள் கொதிகலன் ஆள் தொலைபேசியில் கத்தினார். அடுப்பின் கம்பித் தட்டில் கண்ணாடிபோலக் கட்டி பிடித்துவிட்டதாம். சாம்பல் வேறு. விறகு 100 கிலோ எரித்தால் ஒன்றிரண்டு கிலோதான் சாம்பல் வரும், நெல் வைக்கலில் 15 கிலோவும் அதற்கு மேலும் வரும். அதில் பெரும்பங்கு மணலில் இருக்கும் அதே சிலிக்கா. வைக்கலிலுள்ள பொட்டாசியம் சேர்ந்தால் அது குறைந்த சூட்டிலேயே உருகிக் கட்டியாகும்.

இதற்கிடையில் பள்ளக்காணி வைக்கல் இன்னொரு மழையும் வாங்கி, மஞ்சள் போய்ச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. பட்டிக்கார அண்ணனை அழைத்து மாட்டை விடச் சொன்னேன். மாடுகள் முகர்ந்துவிட்டு வரம்புப் புல்லுக்குப் போய்விட்டன. ஐந்து நாள் கச்சானில் புரட்டிப் புரட்டிக் காயவிட்டு, நட்டத்தோடு நட்டமாக அந்த 60 கட்டையும் இரண்டாம் லொறியில் அனுப்பினேன்.

அதற்கும் தொலைபேசி வந்தது. "இது எந்த வயல் வைக்கல்? கட்டி பிடிக்கிறது நல்லாக் குறைவு. இனி இதையே தாங்க!"

பொட்டாசியமும் குளோரினும் தண்ணீரில் கரைந்து போகிறவை. மழை அவற்றைக் கழுவி வயலுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது. வைக்கலை எரித்து மின்சாரம் எடுக்கும் டென்மார்க்கிலும் மழை பட்ட சாம்பல் நிற வைக்கலையே கொதிகலனுக்கு விரும்புகிறார்கள். ஐரோப்பாவில் எரிக்கவென்றே வளர்க்கும் மிஸ்காந்தஸ் புல்லைக்கூடக் குளிர்காலம் முழுக்க வயலில் நிற்கவிட்டு, காய்ந்து கழுவுப்பட்ட பிறகு வசந்தத்தில்தான் வெட்டுவார்கள். எங்கள் மழைக்காலப் பெரும்போகத்தில் அப்படி விட்டால் மிஞ்சுவது அழுகல்தான், அது வேறு கதை.

கழுவாத வைக்கல் ஒரு தொன் போனால் 10, 15 கிலோ பொட்டாசியமும் கூடவே போகும். 2021இல் உரத் தடை வந்தபோது எம்.ஓ.பி. என்ற பொட்டாசியம் உரம் ஒரு மூட்டைக்கு அலைந்த எனக்கு அதைச் சும்மா விட மனமில்லை. சாம்பலைத் திருப்பித் தாருங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். சிரித்தார். வெறும் லொறி திரும்பும்போது ஏழு மூட்டை அனுப்பினார்.

அடுத்த சிறுபோகத்துக்குப் பட்டிக்கார அண்ணனோடு பேசிவிட்டேன். மஞ்சள் வைக்கலும் தாளும் அவருடைய மாட்டுக்கு, மழை பட்டது எனக்கு. "மழை பெய்யாட்டி?" என்று கேட்டார். பெய்யாவிட்டால் எல்லாம் அவருக்குத்தான் என்றேன்.